காரீயம் இல்லாத பெட்ரோலால் பழைய இன்ஜின் கெட்டுப்போகுமா?

தாத்தா ஓட்டிய அம்பாசிடர், அப்பா கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சித்தப்பாவின் புல்லட்... வருடக்கணக்கில் ஷெட்டில் தூங்கிய வண்டிகளைத் தூசி தட்டி மறுபடி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்ததுமே, வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர் கட்டாயம் ஓர் எச்சரிக்கை விடுவார். "இது லெட் பெட்ரோல் காலத்து இன்ஜின். இப்போ பங்க்ல கிடைக்கிறது அன்லெடட். இதைப் போட்டு ஓட்டினா வால்வு போயிடும்!"

இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்று 25 வருடங்களுக்கு மேலாகிறது. ஆனாலும் இந்தப் பயம் மட்டும் நிற்கவில்லை. இது வெறும் வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எந்த வண்டிக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது, அப்படியே பொருந்தினாலும் என்ன செய்யலாம் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

ரசச் சொம்பு ஈயம் வேறு!

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஈயம் என்றதும் நம் வீடுகளில் ஈயச் சொம்பில் வைக்கும் ரசம்தான் ஞாபகத்துக்கு வரும். அது வெள்ளீயம். பெட்ரோலில் கலந்தது காரீயம். பேட்டரிக்குள் இருப்பதும் இதுதான். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இரண்டும் வேறு வேறு உலோகங்கள். காரீயம் உடம்புக்குள் போனால் விஷம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காரீயத்தை ஏன் கலந்தார்கள்?

மேட்டில் ஏறும்போது, டாப் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இன்ஜினிலிருந்து 'டக டக'வென்று உலோகத்தைத் தட்டுவதுபோல ஒரு சத்தம் வரும். மெக்கானிக்குகள் அதை 'நாக்கிங்' என்பார்கள். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சீராகப் பரவி முடிவதற்குள், மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே பட்டென்று வெடிப்பதுதான் நாக்கிங். அது தொடர்ந்தால் பிஸ்டனே ஓட்டையாகலாம்.

100 வருடங்களுக்கு முன்பு கார் கம்பெனிகளுக்கு இதுதான் பெரிய தலைவலி. இன்ஜினின் கம்ப்ரஷனைக் கூட்டினால் சக்தியும் மைலேஜும் கூடும். ஆனால், கூட்டினால் நாக்கிங் வந்துவிடும். அமெரிக்காவின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி இதற்கு மருந்து தேடினார். ஏராளமான பொருள்களைக் கலந்து பார்த்து, 1921-ம் ஆண்டு டிசம்பரில் 'டெட்ரா எத்தில் லெட்' என்ற காரீயச் சேர்மத்தில் வந்து நின்றார். துளியூண்டு கலந்தால் போதும், நாக்கிங் நின்றுவிடும். 1923 பிப்ரவரியில் அதே டேட்டன் நகரில் காரீயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது.

வேறு வழி தெரியாமல் இதைப் பிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். எத்தனால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது மிட்ஜ்லிக்கும் அவருடைய மேலாளர் சார்லஸ் கெட்டரிங்குக்கும் தெரியும். ஆனால், எத்தனாலை நிறைய கலக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் காய்ச்சிக்கொள்ளலாம். காரீயமோ கொஞ்சம் போதும், மலிவு, காப்புரிமையும் வாங்கலாம். வியாபாரக் கணக்கில் காரீயம் ஜெயித்தது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. எரிந்த காரீயம் இன்ஜினுக்குள்ளேயே படிந்தால் வால்வும் பிளக்கும் அடைத்துக்கொள்ளும். அதனால், புரோமின் உள்ள ஒரு வேதிப்பொருளையும் சேர்த்துக் கலந்தார்கள். அது காரீயத்தைப் பொடியும் புகையுமாக்கி சைலன்ஸர் வழியாக வெளியே தள்ளிவிடும். இன்ஜின் சுத்தமானது. வெளியே வந்த காரீயம் தெருவில் இறங்கியது.

வால்வுக்கும் காரீயத்துக்கும் என்ன உறவு?

நாக்கிங்கை நிறுத்துவதற்காகக் கலந்த காரீயம், யாரும் கேட்காமலே இன்னொரு வேலையும் செய்தது. பழைய வண்டிக்காரர்களின் பயம் தொடங்குவது இங்கேதான்.

எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு, இன்ஜினிலேயே அதிகமாகச் சூடாகும் பாகங்களில் ஒன்று. 4 ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,500 முறை திறந்து, தன் இருக்கையில் 'டப்'பென்று போய் உட்காரும். அந்த இருக்கைதான் வால்வு சீட். பழுக்கக் காய்ந்த வால்வு சாதாரண வார்ப்பிரும்பு சீட்டில் இப்படி அடித்துக்கொண்டே இருந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவில் இரும்புத் துணுக்குகள் வால்வோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். பிய்ந்த துணுக்குகள் உப்புத்தாள் மாதிரி சீட்டை மேலும் தேய்க்கும்.

காரீயம் இருந்த காலத்தில், எரிந்த காரீயத்தின் மெல்லிய படலம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெத்தைபோல இருந்து இந்த ஒட்டலைத் தடுத்தது. காரீயம் போனதும் மெத்தை போய்விட்டது. சீட் தேய்ந்து, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் இறங்கும். எச்சரிக்கை செய்தவர் சொன்னதில் இருக்கும் உண்மை இவ்வளவுதான்.

ஆனால், இந்தத் தேய்மானம் எல்லா வண்டிக்கும் வராது. வருகிற வண்டிக்கும் எப்போதும் வராது. நீண்ட நேரம் அதிக வேகத்தில், அதிக சுமையோடு ஓடும்போதுதான் சீட் வேகமாகத் தேயும். 1980-களில், அமெரிக்க விவசாயிகள் தங்கள் பழைய பெட்ரோல் டிராக்டர்களுக்காகக் கவலைப்பட்டபோது, அரசே அந்த இன்ஜின்களை வைத்துச் சோதனை செய்தது. மென்மையான சீட் உள்ள இன்ஜின்கள், அதிக வேகத்திலும் சுமையிலும் தொடர்ந்து ஓடினால்தான் பாதிப்பு என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்கும் கடற்கரைக்கும் நிதானமாகப் போய்வரும் அம்பாசிடருக்கு இந்த ஆபத்து ரொம்பக் குறைவு.

பிரிட்டனில் நடந்ததையும் பாருங்கள். 2000-ம் ஆண்டு அங்கே காரீயப் பெட்ரோலின் பொது விற்பனை நின்றபோது, பழைய கார்களுக்காகவே மாற்று வேதிப்பொருள் கலந்த தனிப் பெட்ரோலை பங்க்குகளில் விற்றார்கள். சில வருடங்களிலேயே வாங்க ஆளில்லாமல் அந்த விற்பனை முடிந்துபோனது. பெரும்பாலானவர்கள் சாதாரண பெட்ரோலுக்கே மாறியிருந்தார்கள்.

உங்கள் வண்டி எந்த ரகம்?

2 ஸ்ட்ரோக் வண்டிகள்: ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், லாம்ப்ரெட்டா, பழைய பஜாஜ் சேட்டக், ஆர்எக்ஸ் 100... இவற்றில் சீட்டில் உட்காரும் வால்வே கிடையாது. பிஸ்டன்தான் துவாரங்களைத் திறந்து மூடுகிறது. ஆகவே வால்வு சீட் பற்றி இவர்கள் கவலைப்படவே வேண்டாம். 2டி ஆயிலைச் சரியான அளவில் கலந்தால் போதும்.

அலுமினிய ஹெட் உள்ளவை: புல்லட், பிரீமியர் பத்மினி, மாருதி 800 போன்றவை. அலுமினியம் மென்மையான உலோகம் என்பதால், வால்வு உட்காரும் இடத்தில் தனி உலோக வளையம் பதித்தே ஆக வேண்டும். அதனால் இவை பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். மிகப் பழைய இன்ஜின்களில் அந்த வளையமே மென்மையான ரகமாக இருக்கலாம் என்பதால், ஹெட்டைக் கழற்றும்போது ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வார்ப்பிரும்பு ஹெட் உள்ளவை: பழைய பெட்ரோல் அம்பாசிடரின் 1,489 சிசி இன்ஜின், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இன்னும் பல பழைய பிரிட்டிஷ் கார்கள். இவற்றில் தனி வளையம் இல்லாமல் ஹெட்டிலேயே சீட்டைக் கடைந்திருப்பார்கள். கவனிக்க வேண்டியது இந்த ரகத்தைத்தான்.

டீசல் வண்டிகள்: டீசல் அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம். காரீயம் கலந்தது பெட்ரோலில் மட்டும்தான்.

இன்னொன்று. உங்கள் வார்ப்பிரும்பு ஹெட் வண்டி கடந்த 25 வருடமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அது காரீயம் இல்லாத பெட்ரோலில்தான் ஓடியிருக்கிறது. அதன் வால்வு சீட் ஏற்கெனவே பரீட்சை எழுதி முடித்துவிட்டது. யோசிக்க வேண்டியது, 2000-க்கு முன்பே ஷெட்டில் நிறுத்தி இப்போது எடுக்கும் வண்டிகளைப் பற்றித்தான்.

சத்தம் போடாத டாப்பெட்!

சீட் தேய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. டாப்பெட் இடைவெளியை ஃபில்லர் கேஜ் வைத்து அளந்தாலே தெரிந்துவிடும். சீட் தேயத் தேய வால்வு மேலேறி வரும். அதனால் டாப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே போகும்.

பலர் ஏமாறுவது இங்கேதான். டாப்பெட் 'டிக் டிக்'கென்று சத்தம் போட்டால் உடனே மெக்கானிக்கிடம் ஓடுகிறோம். சத்தமே இல்லாவிட்டால், "இன்ஜின் பட்டு மாதிரி ஓடுது" என்று சந்தோஷப்படுகிறோம். உண்மையில் பயப்பட வேண்டியது சத்தம் போடாத டாப்பெட்டைப் பார்த்துத்தான். இடைவெளி முழுக்கப் போய்விட்டால் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் குறையும், ஸ்டார்ட்டிங் சிரமம் கொடுக்கும், கடைசியில் வால்வு எரிந்துபோகும்.

செய்ய வேண்டியவை இவை:

* வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டாப்பெட்டைச் செட் செய்து, அன்றைய கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

* அடுத்த 1,000 கிலோமீட்டரில் மறுபடி அளந்து பாருங்கள். பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் பார்த்தால் போதும். ஏதாவது ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் இடைவெளி திரும்பத் திரும்பக் குறைந்தால், அங்கே சீட் தேய்கிறது என்று அர்த்தம்.

* அப்படித் தேய்ந்தாலும் உடனே பதற வேண்டாம். வேகத்தைக் குறைத்து, இன்ஜின் அதிகம் சூடாகாமல், நாக்கிங் வராமல் ஓட்டுங்கள். டைமிங்கும் கார்ப்பரேட்டரும் சரியாக இருந்தாலே வால்வின் சூடு குறையும்.

* அடுத்து எப்போது ஹெட்டைக் கழற்றுகிறீர்களோ, அப்போது நல்ல லேத் பட்டறையில் கொடுத்து, எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வளையங்களைப் பதித்துவிடச் சொல்லுங்கள். ஒருமுறை செய்தால் அதோடு இந்தப் பிரச்னை தீர்ந்தது.

* காரீயத்துக்குப் பதிலாகக் கலக்கும் மருந்துகள் குப்பிகளில் விற்கின்றன. பொட்டாசியம், மாங்கனீஸ் போன்றவற்றை வைத்துச் செய்யப்படும் இவற்றில் சில உண்மையிலேயே வேலை செய்கின்றன. ஆனால், 'ஆக்டேன் பூஸ்டர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது வால்வு சீட்டைக் காக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஆக்டேன் வேறு, சீட் பாதுகாப்பு வேறு.

* இதே காரணத்தால், விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போட்டால் வால்வு பிழைக்கும் என்பதும் தவறான எண்ணம். நம் பழைய வண்டிகளின் இன்ஜின்கள் குறைந்த கம்ப்ரஷன் கொண்டவை. நாக்கிங் வராத வரை சாதாரண பெட்ரோலின் ஆக்டேனே அவற்றுக்குப் போதும்.

காரீயம் போனதில் பழைய இன்ஜினுக்கு லாபமும் உண்டு. ஸ்பார்க் பிளக் சீக்கிரம் அடைக்காது. சைலன்ஸர் அரிப்பு குறையும். இன்ஜின் ஆயிலும் அவ்வளவு வேகமாகக் கெடாது.

சரி, காரீயத்தை ஏன் தடை செய்தார்கள்?

"ஒரு வளையம் பதிக்கிற செலவுதான் என்றாலும், இருந்த பெட்ரோலை ஏன் மாற்றினார்கள்?" என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் கொஞ்சம் கனமானது.

காரீயத்தின் ஆபத்து ஆரம்பத்திலேயே தெரியவந்தது. 1924 அக்டோபரில், நியூ ஜெர்சியில் டெட்ரா எத்தில் லெட் தயாரித்த ஓர் ஆலையில் தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்தது. 5 பேர் இறந்தார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதக் கடைசியில் மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவி, ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். அவரே அதற்கு முந்தைய வருடம் காரீய விஷத்தால் உடம்பு கெட்டு ஓய்வுக்குப் போனவர்! கையால் தொடும் தொழிலாளிக்குத்தான் ஆபத்து, காற்றில் கலக்கும் கொஞ்சத்தால் பொதுமக்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது கம்பெனிகளின் வாதம். ஆலிஸ் ஹாமில்டன் போன்ற மருத்துவர்கள் எதிர்த்தும், விற்பனை உலகம் முழுக்கப் பரவியது.

அந்த வாதத்தை உடைத்தவர் இன்ஜினுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர். கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, விண்கல்லில் இருக்கும் காரீயத்தை அளந்து பூமியின் வயதைக் கணக்கிட முயன்றார். எத்தனை முறை அளந்தாலும் கணக்கு தப்பியது. காற்று, மேஜை, தலைமுடி, உடை என்று எல்லாவற்றிலும் காரீயத் தூசி! அதைத் துடைத்தெடுத்து, மிகச் சுத்தமான ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்த பிறகே, பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று 1956-ல் அவரால் சொல்ல முடிந்தது. பிறகு அந்தத் தூசி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார். கடலின் ஆழத்தைவிட மேல்மட்டத் தண்ணீரில் காரீயம் அதிகம். கிரீன்லாந்தில் பழைய பனியைவிடப் புதுப் பனியில் அதிகம். மனிதன்தான் உலகம் முழுக்கக் காரீயத்தைத் தூவிக்கொண்டிருக்கிறான் என்று 1965-ல் எழுதினார். அதனால் அவருக்கு ஆய்வு நிதி போனது, எதிர்ப்பும் வந்தது. அவர் விடவில்லை.

குழந்தைகளின் ரத்தத்தில்...

காரீயம் நம் உடம்பை ஏமாற்றும் உலோகம். கால்சியம் என்று நினைத்து உடம்பு அதை எலும்பிலும் பல்லிலும் சேர்த்துவைக்கும். அங்கே பல வருடங்கள் தங்கும். கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து குழந்தைக்கும் போகும். வளரும் மூளைக்குத்தான் இதனால் பாதிப்பு அதிகம். 1979-ல் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர், பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து ஆராய்ந்தார். பல்லில் காரீயம் கூடுதலாக இருந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையிலும், வகுப்பில் கவனம் செலுத்துவதிலும் பின்தங்கியிருந்தார்கள். அவர்களைப் பார்த்தால் நோயாளிபோலத் தெரியாது. "படிப்பு ஏறல" என்றுதான் பெற்றோர் நினைத்திருப்பார்கள்.

பெட்ரோலில் காரீயம் குறைந்ததும் நடந்தது இன்னும் பெரிய சாட்சி. அமெரிக்காவில் 1976-க்கும் 1980-க்கும் இடையில், மக்களின் ரத்தத்தில் இருந்த சராசரி காரீய அளவு டெசிலிட்டருக்கு 14.6 மைக்ரோகிராமிலிருந்து 9.2 ஆக இறங்கியது. நாலே வருடத்தில் 37 சதவிகிதம் குறைவு! பெட்ரோலில் காரீயம் எந்த வேகத்தில் இறங்கியதோ, அதே போக்கில் ரத்தத்திலும் இறங்கியது. 1996-ல் அங்கே சாலையில் ஓடும் வண்டிகளுக்கு முழுத் தடை வந்தது.

இந்தியாவில் எப்போது மாறியது?

வாகனப் புகைக்கு எதிராக வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் தொடர்ந்து உத்தரவுகள் போட்டது. 1994-ல் காரீய அளவு குறைந்த பெட்ரோல் நான்கு பெருநகரங்களுக்கு வந்தது. 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. காரீயம் பட்டால் அந்தக் கன்வெர்ட்டர் வீணாகிவிடும் என்பதால், அவற்றுக்காகவே காரீயம் இல்லாத பெட்ரோல் அறிமுகமானது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க அதுவே ஒரே பெட்ரோல் ஆனது.

அந்த மாற்றம் எவ்வளவு அவசியமாக இருந்தது? பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபவுண்டேஷன் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தில், அப்போது எச்சரிக்கை அளவாகக் கருதப்பட்ட 10 மைக்ரோகிராமைவிட அதிகமாகக் காரீயம் இருந்தது.

தடை வந்த உடனேயே எல்லாம் சரியாகிவிடவில்லை. சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளைப் பரிசோதித்து 2009-ல் வெளியான ஆய்வில், சராசரி அளவு 11.4 மைக்ரோகிராம். காரீயம் மக்கிப்போகாத உலோகம். பல வருடப் புகையில் இறங்கியது ரோட்டோர மண்ணில் அப்படியே கிடக்கும். பழைய பெயின்ட், பேட்டரி உடைக்கும் பட்டறைகள் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம், குழந்தைகளுக்கு இவ்வளவு காரீயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது.

உலகத்தில் கடைசியாகக் காரீயப் பெட்ரோலை நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021 ஜூலையில். இந்த ஒழிப்பால் வருடத்துக்கு 12 லட்சத்துக்கும் மேற்பட்ட அகால மரணங்கள் தவிர்க்கப்படுகின்றன என்பது ஐ.நா சுற்றுச்சூழல் அமைப்பின் மதிப்பீடு. ஆனாலும், சிறிய பிஸ்டன் இன்ஜின் விமானங்களுக்கான பெட்ரோலில் காரீயம் இன்னும் இருக்கிறது. பழைய காருக்காக அதைத் தேடிப்பிடித்து வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம்!

பழைய வண்டிக்கு இப்போதைய கவலை எத்தனால்

1921-ல் காரீயத்திடம் தோற்ற எத்தனால், இப்போது நம் பங்க்குக்கே வந்துவிட்டது. 2025-ல் இந்தியா 20 சதவிகித எத்தனால் கலப்பை எட்டியது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கு வால்வு சீட்டைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் டியூப், வாஷர், கார்ப்பரேட்டர் கேஸ்கட் ஆகியவற்றை ஊறவைத்துக் கெடுக்கும். எத்தனாலுக்கென வடிவமைக்காத கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம்வரையும், டூ வீலர்களில் 3 முதல் 4 சதவிகிதம்வரையும் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே சொல்லியிருக்கிறது.

பழைய பெட்ரோல் டியூப்களை எத்தனால் தாங்கும் புது டியூப்களாக மாற்றுங்கள். இது வெறும் பராமரிப்பு அல்ல, வண்டி தீப்பிடிக்காமல் இருப்பதற்கான பாதுகாப்பும்கூட. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கிலும் கார்ப்பரேட்டரிலும் பெட்ரோலைத் தேங்க விடாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்ஜினுக்குப் போகும் கலவையில் பெட்ரோல் பங்கு குறைந்து சூடு கூடலாம் என்பதால், கார்ப்பரேட்டர் டியூனிங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால்...

20, 30 வருடம் திறக்காத இன்ஜினைப் பிரிக்கும்போது, ஹெட்டிலும் சைலன்ஸரிலும் படிந்திருக்கும் சாம்பல் நிறப் பொடியில் அந்தக் காலத்துக் காரீயம் இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் சுரண்டி ஊதாதீர்கள். ஈரமாக்கித் துடையுங்கள். மாஸ்க், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேலை பார்த்த உடையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.

டேங்க்கிலிருந்து டியூப் வைத்து வாயால் பெட்ரோலை உறிஞ்சுவதும், கிரீஸ் போக பெட்ரோலில் கை கழுவுவதும் நம் பட்டறைகளில் சர்வசாதாரணம். காரீயம் போய்விட்டது என்பதற்காகப் பெட்ரோல் பாலாகிவிடவில்லை. இரண்டையும் விட்டுவிடுங்கள். இரண்டு ரூபாய் சோப்பு அந்த வேலையைச் செய்யும்.

ஆக, பழைய வண்டியைத் தைரியமாக எடுத்து ஓட்டுங்கள். டாப்பெட்டை அளந்து பாருங்கள், டியூபை மாற்றுங்கள், மேட்டில் கொஞ்சம் நிதானமாக ஏறுங்கள். அதையும் மீறி வால்வு சீட் தேய்ந்தால், அதைச் சரிசெய்ய லேத் பட்டறை இருக்கிறது. குழந்தையின் மூளையில் ஒருமுறை ஏற்பட்ட பாதிப்பைச் சரிசெய்ய எந்த ஊரிலும் பட்டறை கிடையாது. காரீயத்தை பெட்ரோலிலிருந்து எடுத்ததற்கு அந்த ஒரு காரணமே போதும்.